மூன்று மணி இருமலும் ஐந்து வார இருமலும்

நுரையீரல் நலம்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இருமலில்தான் தொடங்குகின்றன. அந்த இருமல் வறண்டதா, சளியோடு வருவதா, எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதையெல்லாம் வாசகர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அது எத்தனை நாளாக இருக்கிறது, எந்த வேளையில் வருகிறது, எதைச் செய்யும்போது கூடுகிறது என்பதைச் சிலரே குறிப்பிட்டிருக்கிறார்கள். மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தச் சிலர் எழுதிய செய்திதான். காசநோய், ஆஸ்துமா, புகையால் வரும் நுரையீரல் அடைப்பு, நிமோனியா எல்லாமே இருமலாகத்தான் வெளிப்படுகின்றன. இருமலின் ஒலியை வைத்து அவற்றைப் பிரிப்பது கடினம், அதன் காலத்தை வைத்துப் பெருமளவு பிரித்துவிடலாம். கீழுள்ள கடிதங்களை அந்தக் கண்ணோடு படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐந்து வாரங்களாக இருமல் நிற்கவில்லை. முதலில் மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்தேன். பிறகு பக்கத்து கிளினிக்கில் லெவோஃப்ளாக்சசின் மாத்திரையை ஏழு நாளுக்குக் கொடுத்தார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, மறுபடியும் தொடங்கிவிட்டது. மாலையில் உடம்பு காய்கிறது. நான்கு கிலோ எடை குறைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் வலப்பக்க மேல்பகுதியில் நிழல் தெரிவதாகச் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் டி.பி. வந்ததில்லை. இது டி.பி.யாக இருந்தால் தாம்பரத்தில் போய்ப் படுக்க வேண்டியிருக்குமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் அடிப்படை விதி. நீங்கள் ஐந்து வாரங்களைக் கடந்துவிட்டீர்கள். மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, நுரையீரலின் மேல்பகுதியில் நிழல், அவற்றோடு சர்க்கரை நோய் என்று எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை என்பது ஆறுதல் தரலாம், ஆனால் நோயை மறுக்க அது போதாது. காசநோய் பரம்பரையாக இறங்குவதில்லை, காற்றில் பரவுகிறது. பேருந்திலோ வேலை செய்யும் இடத்திலோ பல ஆண்டுகளுக்கு முன்பு உள்ளே போன கிருமி, சர்க்கரையின் அளவு கட்டுக்கடங்காமல் போன பிறகு விழித்துக்கொள்வது உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஏழு நாள் மாத்திரை. லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சாதாரண நெஞ்சுச் சளிக் கிருமிகளோடு காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியவை. அடக்குமே தவிர அழிக்காது. அதனால்தான் ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு திரும்பிவிட்டது. இத்தகைய அரைகுறை நிவாரணம் நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடுவதோடு, பின்னாளில் மிகவும் தேவைப்படக்கூடிய ஒரு மருந்துக்குக் கிருமியைப் பழக்கியும் விடுகிறது. மருந்துக் கடையில் இன்னொரு முறை கேட்டு வாங்காதீர்கள்.

எக்ஸ்ரே சந்தேகத்தை எழுப்பும். உறுதி செய்வது சளிதான். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். எச்சிலைக் கொடுத்தால் சோதனை பொய்த்துப் போகும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படும் சிபிநாட் சோதனை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதைச் சொல்வதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். கட்டுப்படும் என்றால் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளுமாக, எடைக்கேற்ற அளவில் தினமும் சாப்பிட வேண்டும்.

தாம்பரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தைத் தொடங்கிய காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, உணவு ஆகியவற்றைவிட்டால் இந்த நோய்க்கு வேறு வைத்தியம் இருக்கவில்லை. ஆகவே படுக்கத்தான் வேண்டியிருந்தது. மருந்துகள் வந்த பிறகும் அந்த வழக்கம் உலகெங்கும் நீடித்தது. அதை மாற்றியது சென்னைதான். 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றொரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. குணமடைவதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை, வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை என்று 1959இலிருந்து அது வெளியிட்ட முடிவுகள், உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழிகோலின. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் தொடர்ச்சியே. ஆகவே நீங்கள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடலாம். மூச்சுத் திணறல், இரத்தமாக இருமுதல், மிகுந்த பலவீனம் போன்ற நிலைகளில் மட்டுமே மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்படும்.

மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், இந்த ஆறு மாதமும் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்குத் தற்காலிகமாக இன்சுலின் தேவைப்படலாம். இரண்டாம் மாத முடிவில் இருமல் நின்று, எடையும் ஏறி, ‘குணமாகிவிட்டது’ என்று தோன்றும். மருந்தை விடுபவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் விடுகிறார்கள்.

வீட்டில் உள்ள அனைவரையும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு. தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. சன்னல்களைத் திறந்து வையுங்கள், தொடக்க வாரங்களில் முகக்கவசம் அணியுங்கள். நிக்‌ஷய் என்னும் அரசின் காசநோய்த் திட்டத்தில் பதிவானதும் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அதை முட்டைக்கும் பருப்புக்குமே செலவிடுங்கள். ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. மழைக்காலம் தொடங்கினால் அதிகாலை மூன்று மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுவான். கால்பந்து விளையாடிவிட்டு வந்தாலும் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. பகலில் எதுவும் இல்லை. டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘பம்பு அடிக்க ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாது, உயரமும் நின்றுவிடும்’ என்கிறார் மாமியார். சிரப்பும் எப்போதாவது நெபுலைசரும் போதாதா? ஆஸ்துமாவுக்கென்று உயிருள்ள மீனை விழுங்கத் தரும் ஹைதராபாத் மீன் பிரசாதத்துக்கு அழைத்துப் போகலாம் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: ‘பகலில் எதுவும் இல்லை’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் நோயைக் காட்டிக் கொடுக்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் சிவந்து வீங்கி எளிதில் சீண்டப்படுவதாக இருக்கும். குளிர்காற்று, தூசி, ஓட்டம் எதுவானாலும் அதைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும், சிறிது நேரத்தில் தளரும். வந்து வந்து போவதுதான் இதன் இயல்பு. மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் உடலின் இயற்கைச் சுரப்புகள் நள்ளிரவுக்குப் பின் குறைந்துவிடுவதால், அதிகாலையில் இறுக்கம் உச்சத்துக்குப் போகிறது. பகல் பதினொரு மணிக்கு மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும்போது நெஞ்சு சுத்தமாக இருக்கலாம். அதைக் கொண்டு நோயில்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஒன்பது வயதுச் சிறுவனால் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனையை நன்றாகவே செய்ய முடியும். மருந்து கொடுப்பதற்கு முன்பும் பின்பும் ஊதச் செய்து, எவ்வளவு முன்னேற்றம் என்று கணக்கிடுவார்கள்.

மாமியாரின் அச்சத்துக்குக் கணக்கிலேயே பதில் சொல்லலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். இரண்டு முறை அழுத்தினாலும் அந்த மாத்திரையில் இருபதில் ஒரு பங்குதான். மாத்திரையும் சிரப்பும் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, இதயத்தைப் படபடக்க வைத்து, கையை நடுங்க வைத்து, மிச்சம் இருப்பதுதான் நுரையீரலுக்கு வந்து சேரும். கண்ணில் தூசி விழுந்தால் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறோம். மூச்சுக்குழாய் நோய்க்கு மூச்சின் வழியே மருந்து கொடுப்பதில் மட்டும் நமக்கு ஏனோ தயக்கம். விட முடியாது என்ற பேச்சு எப்படிப் பிறந்தது என்றால், நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்துகிறோம், அடங்கியிருந்த நோய் திரும்புகிறது, பழி பம்பின் மேல் விழுகிறது. மூன்று மாதம் கட்டுக்குள் இருந்தால் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். குழந்தைகளில் பலருக்கு வளர்ந்தபின் மருந்தே தேவைப்படாமலும் போகிறது.

உயரத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. பூசி மெழுக விரும்பவில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து எடுக்கும் குழந்தைகளின் இறுதி உயரத்தில் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவு ஏற்படலாம் என்று நீண்டகால ஆய்வு காட்டியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை மூச்சுத் திணறி, ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு சிரப்போ ஊசியோ போட்டுக்கொள்ளும் குழந்தையின் உடலில் சேரும் அளவு இதைவிட மிக அதிகம். இரவெல்லாம் தூங்காமல் வளரும் குழந்தையின் வளர்ச்சியும் அதனாலேயே பாதிக்கப்படும்.

இரண்டு இன்ஹேலர்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, பியூடிசோனைடு போன்ற தடுப்பு மருந்து. வீக்கத்தை ஆற்றுவது, நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டியது. மற்றொன்று உடனடி நிவாரணத்துக்கானது. நிவாரணியை மட்டுமே வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது ஆபத்து என்பதை வலியுறுத்தி, உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019இல் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அந்த முறையைக் கைவிட்டன. மகனுக்கு ஸ்பேசர் என்னும் குடுவையைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, மூச்சை வெளியே விடச் சொல்லி, ஒரு முறை அழுத்தியதும் மெதுவாக ஆழ்ந்து இழுத்து, பத்து வரை எண்ணும் நேரம் மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த அழுத்தம் அதன் பிறகுதான். தடுப்பு மருந்து எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் படரும். ‘இன்ஹேலர் வேலை செய்யவில்லை’ என்று வருபவர்களிடம் என் எதிரிலேயே ஒரு முறை எடுத்துக் காட்டச் சொல்வது என் வழக்கம். மருந்தை மூக்குக்கு நேரே அடித்தவர்களையும், வாயைத் திறந்து நாக்கின் மேல் வாசனைத் திரவியம் போலத் தெளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மீன் பிரசாதம் ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. அது கொடுக்கப்படும் மிருகசீரிடக் கார்த்தியன்று, ஜூன் மாதத்தில், ஆஸ்துமா தானாகவே ஏறி இறங்கும் இயல்புள்ள ஒரு நோயாளி அதை விழுங்கிவிட்டு வந்து சில வாரம் நன்றாக இருந்தால் பெருமை மீனுக்குப் போகிறது. நம்பிக்கையை நான் தடுக்க மாட்டேன், ஆனால் உயிருள்ள விரால் குஞ்சை ஒன்பது வயதுக் குழந்தையின் தொண்டைக்குள் இறக்குவதில் புரையேறும் ஆபத்து இருப்பதால் உங்கள் மகன் விஷயத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரணி போட்ட பிறகும் தணியாவிட்டாலோ, ஸ்பேசர் வழியே ஒவ்வொன்றாக ஆறு முறை வரை நிவாரணியைக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். குழந்தை சோர்ந்து போய், விசில் சத்தமும் நின்றுவிட்டால் அதைத் தேறிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்பதாலும் சத்தம் நின்றிருக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். மூன்று வருடமாகக் காலையில் சளி, படியேறினால் மூச்சு வாங்குகிறது. இப்போது குளித்துவிட்டு வந்தாலே உட்கார்ந்துவிடுகிறார். புகைபிடிப்பவர்களுக்கு வரும் சி.ஓ.பி.டி. என்னும் நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார் டாக்டர். அது எப்படி? டெரிஃபிலின் மாத்திரை மட்டும் நீண்ட நாளாகச் சாப்பிடுகிறார். அண்ணன் ஆக்சிஜன் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார், எப்போது வைக்க வேண்டும்?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: உங்கள் அம்மாவும் புகைபிடித்தவர்தான், அடுப்பின் வழியாக. காற்றோட்டமில்லாத சமையலறையில், ஊதுகுழலை வாயில் வைத்து, குனிந்து, ஈர விறகை ஊதி ஊதி நாற்பது ஆண்டுகள் சமைத்தவரின் நுரையீரலுக்கு, அது பீடிப் புகையா விறகுப் புகையா என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியாது. புகை மூச்சுக்குழாய்களை நிரந்தரமாகக் குறுக்கி, காற்றறைகளின் சுவர்களையும் அரித்துவிடுகிறது. பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்படாமலே போவதற்கு ‘அவர் புகைபிடிப்பதில்லையே’ என்று மருத்துவர்களும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவது ஒரு காரணம். மூச்சு வாங்குவதை வயதின் மேலும் உடல் பருமனின் மேலும் பழி போட்டுவிட்டு, வேலையைக் குறைத்துக்கொண்டு, பெண்கள் பேசாமல் இருந்துவிடுவது இன்னொரு காரணம்.

ஆஸ்துமாவைப் போல இது வந்து போவதில்லை. ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வரும். ஸ்பைரோமெட்ரி செய்தாரா என்று கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகும், ஊதும் மொத்தக் காற்றில் முதல் ஒரு நொடியில் வெளிவரும் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் இந்நோய் உறுதியாகும். படியேறினால் மூச்சு வாங்குவதற்கு இதய பலவீனமும் இரத்தசோகையும் காரணமாகலாம் என்பதால் எக்கோவும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுவது நல்லது.

இழந்த நுரையீரல் திறன் திரும்பாது. எஞ்சியிருப்பதைக் காக்கவும், இருப்பதைக் கொண்டு நன்றாக நடமாடவும் முடியும். முதல் மருந்து புகையை நிறுத்துவது. சமையல் எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016இல் வந்த பிறகு சிலிண்டர் இல்லாத வீடுகள் குறைந்துவிட்டன. ஆனால் டீக்கும் குழம்புக்கும் சிலிண்டர், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு என்று இரண்டும் சேர்ந்தே நடக்கும் வீடுகள் ஏராளம். வெந்நீர் அடுப்பும் அடுப்புதான்.

டெரிஃபிலின் பழைய மருந்து. பயன் குறைவு, வாந்தியும் படபடப்பும் அதிகம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான எல்லைக்குப் போய்விடும். டியோட்ரோபியம் போன்ற, நாள் முழுவதும் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் இன்ஹேலர்களே இன்றைய அடிப்படைச் சிகிச்சை. ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்நோயில் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. டெரிஃபிலினை நீங்களாக நிறுத்தாமல், மாற்றித் தர முடியுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஃபுளுயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவதோடு, நிமோகாக்கல் தடுப்பூசியும் போடச் செய்யுங்கள், ஏனெனில் ஒவ்வொரு நெஞ்சுத் தொற்றும் அவரை ஒரு படி கீழே இறக்கிவிட்டுத்தான் போகும்.

மூச்சு வாங்குகிறதே என்று அம்மாவை உட்கார வைத்துவிடாதீர்கள். உட்கார உட்காரக் கால் தசைகள் மெலிந்து, சிறிது நடந்தாலே கூடுதல் மூச்சு தேவைப்படும். தினமும் சமதளத்தில், நின்று நின்றாவது, இருபது நிமிடம் நடக்கட்டும். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊதி விடக் கற்றுக்கொடுங்கள். ஊதுகுழல் பிடித்துப் பழகிய அம்மாக்களுக்கு இந்தப் பயிற்சி மற்றவர்களைவிட விரைவாகக் கைவருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆக்சிஜன் இயந்திரத்தைப் பொறுத்தவரை அண்ணனின் அன்பு புரிகிறது. ஆனால் மூச்சு வாங்கும்போதெல்லாம் வைத்துக்கொள்ளும் கருவி அல்ல அது. நோய் நிதானமாக உள்ள நாளில், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பது உறுதிப்பட்டவர்களுக்கு மட்டுமே வீட்டு ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டும். அதுவும் ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால்தான். அளவு 88க்கும் 92க்கும் இடையே நின்றால் போதும். நூறைத் தொட வேண்டும் என்று திருகைக் கூட்டினால், சில நோயாளிகளுக்கு இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்க நிலை வந்துவிடும். எழுப்பினாலும் எழாமல் தூங்குவது அதன் அறிகுறி. இயந்திரம் ஓடும் அறையில் குத்துவிளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் ஈசனோபில் 9 சதவீதம் என்று வந்திருக்கிறது. எனக்குத் தும்மலும் லேசான இருமலும் உண்டு. ‘ஈசனோபிலியா’ என்று சொல்லி 21 நாளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவசியமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஈசனோபில் என்பது நோயின் பெயரல்ல, வெள்ளணுக்களில் ஒரு வகை. சதவீதத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்த வெள்ளணு 7,000 என்றால் 9 சதவீதம் 630 ஆகிறது. ஒவ்வாமைத் தும்மல் உள்ள எவருக்கும், குடற்புழு உள்ள எவருக்கும் இந்த அளவு வரலாம்.

21 நாள் மாத்திரைக்கு உரிய நோய் ஒன்று உண்மையிலேயே உண்டு. யானைக்கால் நோயின் புழுக்களுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்வினையால், வாரக்கணக்கில் இரவு இருமல், இழுப்பு, லேசான காய்ச்சல், எடைக் குறைவு எல்லாம் வந்து, ஈசனோபில் எண்ணிக்கை 3,000க்கு மேல் போகும். எக்ஸ்ரேயைப் பார்த்தால் காசநோய் போலவே தோன்றும். மதனப்பள்ளி காசநோய்ச் சானடோரியத்தைச் சேர்ந்த ஃப்ரிமாட் மோலர் 1940இல் தம் சக மருத்துவருடன் இதைப் ‘பொய்க் காசநோய்’ என்றுதான் முதலில் பதிவு செய்தார். டைஎத்தில்கார்பமசின் மருந்தை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே இருமல் அடங்கத் தொடங்கும். காவிரிப் படுகை ஒரு காலத்தில் யானைக்கால் நோய் மிகுந்த பகுதி என்பதால், உங்கள் ஊர் மருத்துவர்கள் அதை நினைப்பதில் தவறில்லை. உங்கள் எண்ணிக்கையும் உங்கள் அறிகுறிகளும் அதனோடு பொருந்தவில்லை. மலப் பரிசோதனையும், இழுப்பு இருந்தால் ஊதும் சோதனையும் செய்துகொண்டு, தும்மலுக்கு உரிய ஒவ்வாமைச் சிகிச்சையைக் கேளுங்கள்.

கேள்வி: நூற்பாலையில் பன்னிரண்டு வருடமாக புளோ ரூமில் வேலை. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஷிஃப்ட்டில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், செவ்வாய் புதனில் சரியாகிவிடும். இப்போது ஒரு வருடமாக வாரம் முழுக்க இருக்கிறது. சளி மருந்தில் கேட்கவில்லை.
– ஒரு தொழிலாளர், ராஜபாளையம்

பதில்: விடுமுறைக்குப் பின் வரும் முதல் வேலை நாளில் இறுக்கம், பிறகு தளர்வு என்ற இந்த வரிசையைச் சொன்னாலே நோயின் பெயர் தெரிந்துவிடும்: பிஸினோசிஸ், பஞ்சுத் தூசி நோய். பஞ்சோடு சேர்ந்துவரும் காய்ந்த இலைத் துணுக்குகளும், அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகளின் நச்சும் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடும் புளோ ரூமிலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் தூசி மிகுதி. திங்கட்கிழமையோடு நிற்கும் கட்டத்தில் தூசியிலிருந்து விலகினால் முழுதாகக் குணமாகும். வாரம் முழுவதும் என்ற கட்டம் அடுத்த நிலை. அதையும் கடந்தால் மேலே தருமபுரி அம்மாவுக்குச் சொன்ன நிரந்தர அடைப்பு வந்துவிடும். நீங்கள் புகைபிடிப்பவராக இருந்தால் அது இன்னும் விரைவில் வரும்.

திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்கு முன்பும் முடிந்த உடனும் ஊதும் சோதனை செய்து ஒப்பிட வேண்டும்; நீங்கள் வேலை செய்யும் பிரிவையும் ஆண்டுகளையும் மருத்துவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குரிய சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் பிஸினோசிஸ் இடம்பெற்றிருக்கிறது. அதனால் சிகிச்சையோடு இழப்பீடும் கோர முடியும். தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றிக் கேட்பது சலுகை கேட்பதாகாது, அதுதான் சிகிச்சையின் முதல் பகுதி. கைக்குட்டை கட்டினால் நுண்தூசி தடுக்கப்படாது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 கவசம் ஓரளவு உதவும். ஏர் குழாயால் இயந்திரத்தை ஊதிச் சுத்தம் செய்யும்போது அருகில் நிற்காதீர்கள்.

கேள்வி: பேரனுக்கு 14 மாதம். மூன்று நாளாகச் சளி, காய்ச்சல். நேற்றிரவிலிருந்து வேகமாக மூச்சு விடுகிறான். எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 52. கற்பூரத் தைலம் தடவி ஆவி காட்டலாமா?
– ஒரு பாட்டி, காரைக்குடி

பதில்: இக்கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மூச்சை எண்ணிப் பார்த்த பாட்டியைப் பாராட்ட வேண்டும், ஏனெனில் நிமோனியாவைக் கண்டுபிடிக்க வீட்டில் உள்ள மிகச் சிறந்த கருவி கடிகாரம்தான். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60ம், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ம், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ம் எல்லை. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அது வேகமான மூச்சு. பேரனுக்கு 52, ஆகவே அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை.

மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, குடித்ததையெல்லாம் கக்கினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழே போனாலோ வெளிநோயாளி வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கற்பூரத் தைலம் வேண்டாம். கைக்குழந்தையின் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போகும் கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடியது. ஆவி பிடித்து வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொண்ட குழந்தைகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறோம். கடையில் விற்கும் சளி சிரப்பும் வேண்டாம். குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை அச்சிடச் சொல்லியிருக்கிறது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள்.

நெஞ்சு உள்வாங்காத சாதாரண நிமோனியாவுக்கு, தண்ணீரில் கரையும் அமாக்சிசிலின் மாத்திரையை எடைக்கேற்ப வழக்கமாக ஐந்து நாள் கொடுப்பார்கள். இரண்டாம் நாளே தேறிவிட்டாலும் ஐந்து நாளையும் முடிக்க வேண்டும். இரண்டு நாளாகியும் மூச்சின் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேரனின் தடுப்பூசி அட்டையில் நிமோகாக்கல் தடுப்பூசி இருக்கிறதா என்றும் பாருங்கள்; 2021 முதல் நாடெங்கும் அரசுத் திட்டத்தில் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணையாக இலவசமாகப் போடப்படுகிறது. விடுபட்டிருந்தால், காய்ச்சல் தணிந்த பிறகு அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.